முள் இறங்கும் முன் திறந்த கதவு

சென்ற மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். யாரென்று சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். “சார், நம்ம பழைய கோட்ல ‘நிலைகள்’னு ஒரு ஃபைல் இருக்குதுங்க. வரிக்கு வரி எக்ஸு, அடைப்புக்குறி, திரும்ப எக்ஸு, அடைப்புக்குறி. பார்க்கவே பேஜாரா இருக்குது. அத தூக்கிட்டு நீட்டா ரெண்டு லிஸ்ட்டா எழுதிடட்டுங்களா?” என்று கேட்டார். நான் அப்போது மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக்கு, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் கிடைக்கிற உத்தியோகம் அதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு மாதமாக யோசித்ததில் பதில் நீண்டுவிட்டது. அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லாமல், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். வேலை நேரத்தில் படிக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு, கண் கொஞ்சம் சொருகும்போது படியுங்கள். எனக்கு நினைவு வருவதும் அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

தொண்ணூற்று மூன்றில் நான் சேர்ந்தபோது நம் கம்பெனி என்பது விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்கு மேலே இரண்டு அறைகள். கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் செம்மண் தூசி மாடிப்படி ஏறி வந்து எங்கள் மேசைமேல் உட்காரும். அந்தத் தூசியில்தான் இயந்திரங்களுக்கு மூளை செய்துகொண்டிருந்தோம். தவிட்டு எண்ணெய் ஆலைக்கு ஒன்று, பால் குளிரூட்டும் நிலையத்துக்கு ஒன்று, இப்படி. அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. பிற்பகலில் அது இலைகளை மூடிக்கொள்ளத் தொடங்கும்போது நானும் மூடிக்கொள்வேன். முதலாளி வந்து மேசையைத் தட்டுவார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலை வந்தது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளையும் துணிகளையும் உப்புநீர்ப் பாட்டில்களையும் ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற பெரிய உருளை அவர்களிடம் இருந்தது. படுத்திருக்கும் பீப்பாய். முன்பக்கம் கனமான வட்டக் கதவு, கதவின் நடுவில் கைச்சக்கரம். மேலே ஆவியின் அழுத்தத்தைக் காட்டும் முள். அதன் வால்வுகளை ஒருவர் பக்கத்தில் நின்று கையால் திருகி வந்தார். அதை நாங்கள் தானாக இயங்கும்படி செய்து கொடுக்க வேண்டும்.

அந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸ்டீம் ரூம் அக்கா என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமம். கழுத்தில் சிறிய சிலுவை, எப்போதும் முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டு. பத்தொன்பது வருடமாக அந்த உருளையோடு இருந்தவர். எட்டாவது வரை படித்தவர். முள்ளைப் பார்க்காமலேயே கதவின் சூட்டை உள்ளங்கையால் ஒற்றிப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார்.

ஆவியறையில் காலை பத்து மணி வெயில் கம்பி போட்ட ஜன்னல் வழியே வந்து மிதக்கும். வெந்த பருத்தியின் வாசனை. அங்கே நின்றால் எனக்கு எதுவுமே அவசரமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நான் செய்த ஒரே பெரிய தப்பு அவசரத்தில் செய்தது.

எங்கள் பெருமை எதுவென்றால், தமிழில் பேசும் திரை. மற்றவர்கள் இயந்திரத்தில் எண் ஒளிரும். மூன்று என்றால் இது, நான்கு என்றால் அது என்று சுவரில் அட்டை தொங்கும். எங்கள் இயந்திரத்தில் தமிழ் தெரியும். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தேன். ‘ஆ’வன்னாவின் கொக்கி மட்டும் மூன்று நாள் எடுத்தது. காற்று நீக்கம், சூடேற்றம், கிருமி நீக்கம், ஆவி வெளியேற்றம், முடிந்தது. இந்த ஐந்தும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அன்று அக்கா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இத்தினி வருசத்துல இதும் முன்னாடி நான் ஒக்காந்ததே இல்ல சார். வேற இன்னா பண்றது, அதுவே சொல்லுதே!” என்றார்.

அன்றிலிருந்து அவர் கதவில் உள்ளங்கை வைப்பது குறைந்தது. முள்ளைப் பார்ப்பதும் குறைந்தது. அதை நான் கவனித்தேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து அக்கா ஒரு குறை சொன்னார். “துணிக்கு சரியா இருக்குது சார். பாட்டிலுக்குத்தான் ஆவிய சட்டுனு வுட்டுடுது. பாட்டிலெல்லாம் பொங்கிக்கினு மூடி தெறிக்குது. கொஞ்ச நேரம் சும்மா ஆறவுட்டு, அப்பறம் வெளிய வுடணும். அதுக்கு ஒரு நேரம் வைங்க.” நியாயமான குறை. ‘ஆறவிடுதல்’ என்று புதிதாக ஒரு நிலையைச் சேர்த்தால் முடிந்தது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். நிரலுக்கு நிலைகளின் பெயர் தேவையில்லை, வரிசை எண் போதும். பூஜ்யம் காற்று நீக்கம், ஒன்று சூடேற்றம் என்று போகும். இது ஒரு பட்டியல். திரைக்கு எண் தெரியாது, எழுத்துதான் வேண்டும். அதனால் இதே வரிசையில் சொற்களை எழுதிய இன்னொரு பட்டியல், இன்னொரு கோப்பில். நிரல் மூன்று என்று சொன்னால், திரை தன் பட்டியலில் மூன்றாம் எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக் காட்டும். இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் என்று உலகத்தில் யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. நான் ஞாபகமாக வைத்துக்கொண்டால் உண்டு.

எண் பட்டியலில் ‘ஆறவிடுதல்’ என்பதை அது இருக்க வேண்டிய இடத்தில், ஆவி வெளியேற்றத்துக்கு முன்னால் நுழைத்தேன். சொல் பட்டியலைத் திறந்தபோது பிற்பகல். தூங்குமூஞ்சி மரம் இலையை மூடிக்கொண்டிருந்தது. புதுச் சொல்லைக் கடைசி வரியில், ‘முடிந்தது’க்குக் கீழே எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சோதிக்காமல் விட்டாயா என்று கேட்பீர்கள். சோதித்தேன். மேசைமேல் வால்வுகளுக்குப் பதில் சின்னச் சின்ன விளக்குகள் வைத்துச் சோதித்தேன். எல்லா விளக்கும் சரியான வரிசையில் எரிந்து அணைந்தது. எண்கள் சரியாகத்தானே இருந்தன! எங்களிடம் இருந்த ஒரே தமிழ்த் திரை ஆஸ்பத்திரியில், இயந்திரத்தின் நெற்றியில் இருந்தது. சொல்லை யாரும் பார்க்கவில்லை.

நிரலை ஏற்றிய புதிய சிப்பை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் திண்டிவனம் போனேன். மாட்டினேன். அக்கா பாட்டில்களை அடுக்கிக் கதவை மூடினார். அன்று பிற்பகல் விழுப்புரத்தில் பால் நிலையத்து ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பையைக் கட்டிக்கொண்டே திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆவி வெளியேற்றம்’ என்று வெகுநேரம் நின்றது. ‘ஆறவிடுதல்’ என்ற சொல் வரவே இல்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பிறகு ‘முடிந்தது’ என்று வந்தது.

“முடிஞ்சிடுச்சிக்கா. தொறங்க, பார்த்துட்டுக் கிளம்பறேன்” என்றேன்.

அக்கா எழுந்து சக்கரத்தில் கை வைத்தார். வைத்தவர் நின்றார். “சார், முள்ளு இன்னும் கொஞ்சம் நிக்குதே.”

பார்த்தேன். பூஜ்யத்துக்குச் சற்று மேலே, ஒரு மயிரிழை.

“அது பழைய முள்ளு. ஒட்டிக்கினு இருக்கும். எழுத்துதான் சரி” என்றேன்.

அக்கா ஒரு கணம் முள்ளைப் பார்த்தார், ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் திருகினார்.

உள்ளே ஆவி அப்போதுதான் வெளியேறத் தொடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய கதவுக்கு அந்த மயிரிழை அழுத்தமே போதும். எண் நான்கு என்றது நிரல். அது ஆவி வெளியேற்றம். நான்காம் எண்ணுக்கு என் சொல் பட்டியலில் இருந்ததோ ‘முடிந்தது’. கதவு விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததைப் பார்த்தேன். சீறல் பிறகுதான் கேட்டது. அறை முழுவதும் வெள்ளையாகி, ஜன்னல் மறைந்து, அக்கா மறைந்து, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். அந்த வெண்மைக்குள்ளிருந்து சக்கரம் திரும்ப இறுகும் கிறீச்சொலி வந்தது. வெந்துகொண்டிருந்த கையாலேயே அவர் கதவை மூடிக்கொண்டிருந்தார். மூடியிராவிட்டால் பாட்டில்கள் வெடித்திருக்கும். இன்று இதை எழுதிக்கொண்டிருக்க நான் இருந்திருப்பேனோ என்னவோ.

வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அவர் கத்தவில்லை. “ஏசுவே, ஏசுவே” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்து போனார். நான் பின்னால் போனேன். பையை எடுக்கத் தோன்றவில்லை.

கட்டுப் போடும் அறைக்கு வெளியே ஒரு வேப்பமரமும் சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. பிறகு போய்ப் பையை எடுத்துவந்து, அச்சிட்ட நிரல் காகிதங்களை மடியில் விரித்தேன். எண் பட்டியல் ஒரு தாள். சொல் பட்டியல் ஒரு தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டியபோது நான்காவது வரியில், அதாவது எண் மூன்றில், விரல்கள் பிரிந்தன. கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வேப்பம்பூ அந்தத் தாள்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது கனவாக இருக்கும், முதலாளி வந்து மேசையைத் தட்டுவார் என்றுகூட நினைத்தேன்.

முதலாளிக்கு ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முள்ளு நின்னுக்கினு இருக்கும்போது தொறந்தாங்களா இல்லியா? செவுத்துல இன்னா எழுதி ஒட்டியிருக்குது? முள்ளு பூஜ்யத்துக்கு வந்தாத்தான் தொறக்கணும்னுதானே? அப்ப ஆபரேட்டர் தப்பு. அத சொல்லிட்டு ஜல்தியா வா.”

அவர் கெட்டவர் இல்லை. நாங்கள் ஆறு பேர் சாப்பிடும் கம்பெனி அது. பயந்துவிட்டார்.

மாலையில் ஆஸ்பத்திரியை நடத்தும் மதர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஆவியறை நோட்டு விரித்திருந்தது. அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் கடைசிக் கட்டம் ‘திறந்தவர்’. கை வெந்த பிறகும் அக்கா இடது கையால் அந்தக் கட்டத்தில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதியிருந்தார்.

“பத்தொன்பது வருசமா நீ முள்ளு பாக்காம தொறந்ததில்ல. இன்னிக்கி எதுக்குத் தொறந்த?” என்று மதர் கேட்டார். “இன்னொரு வாட்டி இப்படி அரைகொறையா தொறந்தா ஆபரேசன் தியேட்டர்ல உயிர் போயிடும். உன்ன அங்க வச்சிக்கிறதே இனிமே சரியான்னு நான் யோசிக்கணும்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான் தொறந்தேன் மதர்.”

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் உடனே பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். வெளியே யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், மண் வாசனை வந்தது. முதலாளி சொன்ன வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அரை நிமிடம் இருக்கும். வெட்கக்கேடான அரை நிமிடம். அதன் பிறகு என் வேலைக்காலம் முழுவதும் அதை நினைக்காமல் கழிந்த வாரம் இல்லை.

“மதர், முள்ளு நிக்குதுன்னு அவங்க சொன்னாங்க. எழுத்துதான் சரி, தொறங்கன்னு நான்தான் சொன்னேன். எழுத்து தப்பு. அத எழுதினதும் நான்தான்” என்றேன். இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்துப் பிரிந்த வரியைக் காட்டினேன்.

மதர் இரண்டு தாள்களிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஒரே விசயத்த எதுக்கு ரெண்டு எடத்துல எழுதி வச்சிருக்கீங்க?”

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பழைய சிப்பைத் திரும்ப மாட்டினேன். அக்காவின் வேலை தப்பியது. ஆனால் வலது கை கட்டில் இருந்தது, ஆவியறையில் எழுத ஆள் இல்லை. முதலாளி என்னோடு பேசாமல் இருந்த அந்த வாரம் முழுவதும் லீவு போட்டுவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் திண்டிவனம் போனேன். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டியது. பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுத வேண்டியது இதுதான். ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் ஒரு துணி மூட்டை. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு மூட்டைக்குள்ளேயே போகும். தியேட்டரில் பிரிப்பவர்கள் அதைப் பார்த்துக் கருவிகளை எண்ணிக்கொள்வார்கள், வயிற்றைத் தைத்து மூடும் முன் திரும்ப எண்ணுவார்கள். அதே விவரம் ஆவியறை நோட்டிலும் இருக்க வேண்டும். முதல் நாள் நான் சீட்டில் எழுதி முடித்துவிட்டு, நோட்டை இழுத்து அதையே திரும்ப எழுத ஆரம்பித்தேன்.

“இன்னா சார் பண்றீங்க?” அக்கா இடது கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நோட்டுல எழுதறேங்க்கா.”

“அதான் எழுதிட்டீங்களே. எதுக்கு ரெண்டு தடவ?” மேசை டிராயரை இழுத்து, நீலம் தேய்ந்த ஒரு கார்பன் தாளை எடுத்து, நோட்டுப் பக்கத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்தார். “இப்படி வச்சி எழுதுங்க. அழுத்தி எழுதணும். மேல எழுதறதுதான் கீழயும் இருக்கும்.”

பிறகு, கேட்காமலே சொன்னார். “நான் வந்த புதுசுல நானும் ரெண்டு தடவதான் எழுதுனேன். ஒரு நாளு சீட்டுல கத்திரிக்கோலு எட்டுன்னு எழுதிட்டேன். நோட்டுல ஏழு. மூட்டையில வச்சதும் ஏழுதான். பிரிக்கும்போது அவசரத்துல எண்ணாம வுட்டுட்டாங்க. ஆபரேசன் முடிஞ்சி எண்றாங்க, ஏழுதான் இருக்குது. எட்டாவது எங்கன்னு தேடறாங்க. அந்தப் பொம்பள வயித்த மூடாம டாக்டரு அரை மணி நேரம் நின்னாரு சார். அவ பொழைச்சிக்கினா. அன்னிக்கி சாயந்தரமே பஸ் ஏறிப் போயி கார்பன் வாங்கிக்கினு வந்தேன். யாரும் சொல்லல. ரெண்டு தடவ எழுதினா என்னிக்கினா ஒரு நாள் ரெண்டும் வேற வேறயாத்தான் போவும். நான் எவ்வளோ உசாரா இருந்தாலும்.”

அந்த வாரம் முழுவதும் அழுத்தி அழுத்தி எழுதினேன். விரல் நுனியெல்லாம் நீலம். மாலையில் திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கிவிடுவேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கண் பாதி மூடியிருக்க, ஏரித் தண்ணீர் வெயிலில் தகதகவென்று கூடவே ஓடிவரும். பனைமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். ஒரு நாள் அவை எண்களாக வந்தன. பூஜ்யம், ஒன்று, இரண்டு. தண்ணீரில் அவற்றின் நிழல் விழுந்தபோது நிழலில் சொற்கள் தெரிந்தன. காற்று நீக்கம், சூடேற்றம், கிருமி நீக்கம். புதிதாக ஒரு மரம் நடுவில் வந்து நின்றால் தண்ணீரிலும் அதே இடத்தில் ஒரு நிழல். யாரும் தனியாக நிழலை நடவில்லை. விழுப்புரம் வந்து கண்டக்டர் தோளைத் தட்டியபோது என் மடியில் நீல விரல்கள் விரிந்து கிடந்தன. என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சி மொழியில் மேக்ரோ என்று ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நாம் எழுதியதை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் படிக்க உட்காரும் முன்னால், ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் நாம் சொல்வதை வைத்துக்கொடுக்கும் ஏற்பாடு. சின்னச் சின்ன மாறிலிகளுக்குத்தான் அதுவரை பயன்படுத்தியிருந்தேன். இப்போது எல்லா நிலைகளையும் ஒரே கோப்பில், வரிக்கு ஒன்றாக எழுதினேன். ஒவ்வொரு வரியும் எக்ஸ், அதற்குள் அடைப்புக்குறி; அடைப்புக்குறிக்குள் நிலையின் உள்பெயரும் அதன் திரைச்சொல்லும் பக்கத்தில் பக்கத்தில். எக்ஸ் என்றால் என்ன என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. முதலில், எக்ஸ் என்றால் உள்பெயரை மட்டும் எடுத்துக்கொள் என்று வரையறுத்து அந்தக் கோப்பை ஓடவிட்டால் எண் பட்டியல் கிடைக்கும். பிறகு எக்ஸை அழித்து, திரைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள் என்று மாற்றி வரையறுத்து அதே கோப்பைத் திரும்ப ஓடவிட்டால் சொல் பட்டியல் கிடைக்கும். எழுதுவது ஒரு தடவை. விழுவது இரண்டு தாளில். நடுவில் எந்த வரியை நுழைத்தாலும் இரண்டிலும் அதே இடத்தில் நுழையும். மறந்துபோக எனக்கு வாய்ப்பே இல்லை.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளவில்லை. எங்கெங்கோ எத்தனையோ பேர் எனக்கு முன்பே இதை எழுதியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நான் கற்றுக்கொண்டது ஆவியறையில், அவ்வளவுதான். அசிங்கமாக இருக்கிறது என்று நம் ஆட்களே சொன்னார்கள். உண்மைதான். அதில் ஒரு காற்புள்ளி தவறினால் கம்பைலர் எங்கோ சம்பந்தமில்லாத வரியில் நின்றுகொண்டு புலம்பும். அந்தப் புலம்பலை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது என் மேசையில் கேட்ட புலம்பல்.

இந்தத் தடவை சோதிக்கும் முன் திண்டிவனம் போய் இயந்திரத்தின் நெற்றியிலிருந்து திரையைக் கழற்றி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். மேசையில் விளக்குகளோடு திரையையும் வைத்து, ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். இப்படிப் பார்க்கையில் முதலாளியும் வந்து பின்னால் நின்றார். டீ வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார். எங்கள் சண்டை அப்படி முடிந்தது.

ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்காவின் கட்டைப் பிரித்திருந்தார்கள். முழங்கை வரை தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக, மினுமினுவென்று இருந்தது. கோட்டுக் கையை அவர் இப்போது மடித்துவிடவில்லை. சிப்பை மாட்டினேன். அவர் பாட்டில்களை அடுக்கிக் கதவை இறுக்கினார். முக்காலி ஓரமாக இருந்தது, உட்காரவில்லை. நானும் பையைக் கட்டவில்லை. வெயில் கம்பி நிழலோடு தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிருமி நீக்கம் முடிந்து, முதல்முதலாக ‘ஆறவிடுதல்’ என்று வந்தது.

“தோ, நான் கேட்ட வார்த்த வந்துடுச்சி” என்றார் அக்கா. சிரித்தார்.

பிறகு ‘ஆவி வெளியேற்றம்’. பிறகு ‘முடிந்தது’.

அக்கா சக்கரத்திலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

“நீங்க தொறங்க சார்.”

சக்கரத்தில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் நிரல் எனக்குத் தெரியும், நூறு தடவை பார்த்தது. இருந்தும் என் கண் தானாக மேலே முள்ளுக்குப் போயிற்று. பூஜ்யத்தில் நின்றது. இருந்தும் கை திரும்பவில்லை. வெண்மையாகிப்போன அந்த அறையும் கிறீச்சொலியும் காதுக்குள் வந்தன. பத்தொன்பது வருடம் ஒவ்வொரு நாளும் இந்தச் சக்கரத்தில் கை வைத்தவர் அன்று என் ஒரு சொல்லை நம்பித் திருகினார் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆவி பட்டது என்று சாக்குச் சொல்லிக்கொள்ள அறையில் ஆவிகூட இல்லை.

“பயமா இருக்குதா சார்?” என்று கேட்டார். கேலி இல்லை அதில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இருக்குதுங்க்கா.”

“இருக்கணும். தொறங்க.”

திருகினேன். கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. சூடான காற்று முகத்தில் மெல்லப் படிந்தது. உள்ளே பாட்டில்கள் ஒன்றும் பொங்காமல், மூடி தெறிக்காமல், தெளிந்த தண்ணீராக வரிசையில் நின்றன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, பாட்டில்களோடு போகும் சீட்டையும் கார்பனையும் சரிசெய்து, பேனாவை என்னிடம் நீட்டினார். திறந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அவர் சீட்டைத் தூக்கி, கீழே நோட்டிலும் எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ஆகவே, போன் செய்த தம்பிக்குப் பதில் இது. அந்த ஃபைலை நீங்கள் தாராளமாக எடுத்துவிடலாம். என்னைவிடப் படித்தவர்கள் நீங்கள். இதைவிட அழகான வழியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரெண்டு லிஸ்ட்டாகத்தான் எழுதுவேன் என்றாலும் எழுதுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். புது நிரலை ஏற்றுகிற அன்று நீங்களே திண்டிவனம் போங்கள். அக்கா எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் இப்போது வேறொரு பெண் இருக்கிறார், நோட்டு அதே மாதிரிதான் இருக்கிறது. திரையில் ‘முடிந்தது’ என்று வந்ததும் அந்தப் பெண்ணை ஓரடி நகரச் சொல்லிவிட்டு, சக்கரத்தில் உங்கள் கையை வையுங்கள். திறந்த பிறகு உங்கள் பெயரை எழுதுங்கள். அழுத்தி எழுதுங்கள், கீழே கார்பன் இருக்கிறது.